சிவப்புப் பூசிய பலாவிலைகள்

படப்புத்தகம் ஒன்றை விரித்தாலே எனக்கு இப்போது பெயின்ற் மணம் அடிக்கிறது. நான் முன்பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்வதுதான் இருபது வருடத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுகிறது. என் வேலையில் நான் மனதார விரும்பிச் செய்கிற பகுதியும் அதுதான். அதையே அருவருக்கும்படி எப்படி ஆக்கிக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன். மற்றவர்கள் செய்ததைப் பாதி விட்டாலும் நான் செய்ததை விடாமல் எழுத வேண்டும்.

எங்கள் முன்பள்ளி சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், சனசமூக நிலையத்துக்குப் பின்னால் நிற்கிற ஒற்றை மண்டபம். பத்தொன்பது பிள்ளைகள். வளவில் இரண்டு பலாவும் ஒரு வாதுமையும். கனடாவுக்குப் போன ஊர்க்காரர் சேர்ந்து எங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். திறந்தால் எட்டுப் படப்புத்தகங்கள். எட்டும் இலையுதிர்காலத்தைப் பற்றியவை. யாரோ ஒரு பழைய புத்தகக் குவியலின் ஒரே மூலையிலிருந்து அள்ளிப் போட்டிருக்க வேண்டும். சில பக்கங்கள் ஜாம் பட்டு ஒட்டிக் கிடந்தன. ஒன்றின் நடுப்பக்கத்தில் யாரோ பிள்ளையின் மூக்குச்சளி காய்ந்து பிடித்திருந்தது. கத்தி முனையால் சுரண்டிவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். தானம் என்றால் இப்படித்தான் வரும் என்று எரிச்சலோடு நினைத்தேன்.

ஆனாலும் படங்கள் நல்ல படங்கள். அதை மறைக்கக் கூடாது.

முதல் நாள் எடுத்த புத்தகத்தில் ஒரு பெரிய மரம். அதன் கீழே சிவப்பும் மஞ்சளுமாக இலைக்குவியல். கம்பளிச் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள் அதற்குள் குதிக்கிறார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மரத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். பட்டுப்போய்விட்டது என்றான் ஒருவன். யாரோ அடியில் நெருப்பு வைத்துவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. இல்லை, குளிர் வரப்போகிறது, அதனால் மரம் தானே இலையைக் கொட்டுகிறது என்று விளங்கப்படுத்தினேன். குளிர் என்றால் சட்டை போட வேண்டும், மரம் ஏன் கழற்றுகிறது என்று ஒரு பெடியன் கேட்டான். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வியை நினைத்துச் சிரித்தேன்.

அவர்களை உண்மையில் திகைக்க வைத்தது மரமல்ல, அந்தக் குதிப்புத்தான். எங்கள் பக்கத்தில் விடிந்ததும் முற்றம் கூட்டாத வீடு கிடையாது. கூட்டிக் குவித்ததைக் காலால் கலைத்த பிள்ளைக்கு அன்றைக்கு நல்ல பூசை கிடைக்கும். படத்தில் பார்த்தால் பிள்ளைகள் கலைக்கிறார்கள், பக்கத்தில் தாய் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பத்தொன்பது பேரும் அந்தத் தாயின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். அவள் எப்போது அடிக்கப்போகிறாள் என்று அடுத்த பக்கம் வரைக்கும் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். நாலரை வயது. தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தாயும் அவளும் ஒரு ஆடும்தான் வீட்டில்.

"ரீச்சர், அவையிட்டை ஆடு இல்லையோ?"

எங்கள் தென்மராட்சிப் பகுதியில் பலா நிற்கிற வளவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கும். விழுந்த பலாவிலையை நாங்கள் குப்பை என்று தள்ளுவதில்லை. நீளக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, குனியாமல் மரத்தடியில் நடந்து, ஒவ்வொரு இலையாகக் குத்திக் குத்திக் கோப்போம். கம்பி நிறைந்ததும் கொண்டுபோய் ஆட்டுக்கு முன்னால் உருவி விடுவோம். இவளுக்குத் தாய் பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து, முனையைத் தீட்டி, மறுபக்கம் துணி சுற்றிக் கொடுத்திருந்தாள். காலையில் வரும்போது கொண்டுவந்து மண்டப வாசலில் சாத்தி வைப்பாள். பள்ளி விட்டதும் வழியெல்லாம் குத்திக்கொண்டே போவாள். அவர்களுடைய ஆடு முதல் சினையாக இருந்தது. குட்டி ஒன்றா இரண்டா என்று தினமும் எனக்கு அறிக்கை வரும். இரண்டென்றால் ஒன்றுக்குத் தான் பெயர் வைக்கலாம் என்று தாய் சொல்லியிருந்தாளாம். அந்தப் பெயரை எனக்கும் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லோரையும் வளவுக்குக் கூட்டிப்போனேன். விழுந்த இலைகளைப் பொறுக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழுத்த பலாவிலை படத்து மஞ்சளோடு சேர்ந்தது. வாதுமையில் ஒரேயொரு இலை கடும் சிவப்பாக விழுந்து கிடந்தது. அதை அந்தச் சிறுமிதான் கண்டுபிடித்தாள். படத்து இலையின் மேல் வைத்ததும் எங்கள் இலை பெரிது என்று எல்லோரும் கை தட்டினார்கள். என் உத்தியோகத்தில் இதைவிட நல்ல ஒரு காலைநேரம் எனக்கு ஞாபகமில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

ஆடி மாதக் கடைசியில் சனசமூக நிலையத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், எந்த நேரமும் கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி கதைக்கிறவர். கனடாவிலிருந்து புத்தகம் சேர்த்து அனுப்பிய அம்மா ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறாராம். பிள்ளைகள் புத்தகத்தால் பயனடைவதை அவருக்குக் காட்ட வேண்டுமாம். ஆகவே ஒரு இலையுதிர்கால விழா. படத்தில் இருக்கிறது போல அப்படியே செய்து வீடியோ எடுத்துக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆவணியில் இங்கே என்ன உதிர்கிறது, புழுதிதான் உதிர்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். அதற்கெல்லாம் வழியிருக்கிறது, ரீச்சர் பிள்ளைகளைக் கொண்டு இலையைச் சேர்த்துத் தந்தால் போதும் என்றார்.

சேர்த்தோம். நாலு நாளாகப் படம் காட்டுகிற நேரத்தில் பிள்ளைகள் பலாவிலை பொறுக்கினார்கள். எல்லோரையும்விட அதிகம் சேர்த்தவள் அந்தச் சிறுமி. குடைக்கம்பி நிறைய நிறையக் கொண்டுவந்து சாக்கில் உருவினாள். நான் அவளை மெச்சினேன். கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

விழாவுக்கு முதல்நாள் தலைவர் ஒரு தகரப் பேணியோடு வந்தார். சனசமூக நிலையத்து இரும்புக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற். எத்தனை வருடப் பழசோ, மேலே தடித்த தோல் படர்ந்திருந்தது. தடியால் குத்தித் தோலைக் கிழித்து, தின்னர் ஊற்றிக் கலக்கினார். மூக்கு எரிந்தது. பிள்ளைகள் படம் கீறுகிற தண்ணிச் சாயத்தைப் பூசலாமே என்றேன். பூசிக் காட்டினார். பலாவிலையில் அது ஒட்டவில்லை, மெழுகில் தண்ணீர் விட்டது போல வழிந்து ஓடியது. பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தார். நான் தென்னந்தும்பைக் கட்டிச் செய்த பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக ஒரு சாக்கு இலைக்குச் சிவப்பு அடித்து வெயிலில் பரப்பினோம். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு இலையையும் நான் அரைகுறையாகப் பூசவில்லை.

மறுநாளை நினைத்தால் இப்போதும் சீ என்று வருகிறது. அந்த அம்மா ஒரு பை நிறையக் கம்பளித் தொப்பிகள் கொண்டுவந்திருந்தார். தலைவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டச் சொன்னார். உச்சி வெயிலில், காதை மூடிய கம்பளிக்குள் பத்தொன்பது தலைகள் வேர்த்தன. எண்ணெயும் வேர்வையும் பெயின்றும் கலந்த ஒரு மணம். இலைக்குவியலுக்குள் குதியுங்கோ என்றால் ஒருவரும் குதிக்கவில்லை. கூட்டிய குவியல் அல்லவா. என்னைத்தான் பார்த்தார்கள். அடிக்கமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது. பிறகு குதித்தார்கள். சரியாக விழவில்லை, இன்னொரு தரம் என்றார் தலைவர். வெளிச்சம் போதாது, இன்னொரு தரம் என்றார். ஐந்தாவது தரத்தில் ஒரு பெடியன் அந்த மணம் தாங்காமல் காலையில் தின்ற புட்டையும் வாழைப்பழத்தையும் இலைகளின் மேலேயே சத்தி எடுத்தான். தலைவர் அந்த இலைகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மேலே வீசச் சொன்னார். வீசினார்கள். நான் கை தட்டினேன். வீடியோவில் என் கைகள் தெரிகின்றன.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் அழுதார். அங்கே தன்னுடைய பேரப்பிள்ளைகள் இப்படித்தான் விளையாடுவார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இலை இயல்பாகச் சிவந்தது என்றே நினைத்திருந்தார். தலைவர் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

விழா முடிந்து மண்டபத்துக்குள் தேத்தண்ணீரும் வடையும் நடந்தது. ஜன்னலால் பார்த்தபோது அந்தச் சிறுமி வளவில் தனியே நின்றாள். தொப்பி கழுத்தில் தொங்கியது. குடைக்கம்பியால் சிவப்பு இலைகளைக் குத்திக் கோத்துக்கொண்டிருந்தாள். கம்பி நிறைந்ததும் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் அதை விளையாடக் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். கம்பியில் கோத்த பலாவிலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? நான் எதையும் நினைக்கவில்லை. கையில் வடை இருந்தது, பக்கத்தில் வெளிநாட்டு அம்மா இருந்தார், வளவு கூட்டுகிற வேலை கொஞ்சம் குறைந்தது என்றிருந்தேன்.

மூன்று நாளாக அவள் வரவில்லை. நாலாம் நாள், ஆடு செத்துப்போனதாக அயல் பிள்ளை ஒன்று சொன்னது. வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்து, ஒரு இரவும் ஒரு பகலும் கிடந்து போனதாம். வயிற்றுக்குள் இரண்டு குட்டி. எதனால் செத்தது என்று அடித்துச் சொல்ல நான் மிருக வைத்தியர் இல்லை. ஆனால் கேட்டவுடனே என் நகக்கண்களைப் பார்த்தேன். அவற்றின் ஓரங்களில் சிவப்பு இன்னும் போகவில்லை.

தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இதைப் பெரிதுபடுத்தக் கூடாது, அந்த அம்மாவின் காதுக்குப் போனால் ஊருக்கே வெட்கம், அடுத்த பெட்டியும் வராது என்றார். ஆடென்றால் எதையாவது தின்னும், எதாலும் சாகும் என்றார். கேட்க அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அதைக் கேட்டதும் எனக்குள் வந்த ஆறுதல்.

பின்னேரம் சிறுமியின் தாய் வந்தாள். உள்ளே வராமல் மண்டப வாசலடியிலேயே நின்றாள்.

"அந்த இலையளுக்கு என்ன பூசினனீங்கள் ரீச்சர்?"

அவள் சண்டைக்கு வரவில்லை. என்னவென்று அறியத்தான் வந்திருந்தாள். தலைவர் விட்டுப்போன பேணி என் மேசைக்குக் கீழேயே இருந்தது, காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"பிள்ளையள் படம் கீறுற தண்ணிச் சாயம்தான்."

தாய் தலையை ஆட்டினாள். அப்படியென்றால் அதனால் இருக்காது என்று தனக்குள் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி நிற்கிறது, இவள் இலை பொறுக்குகிற ஆசையில் அதை முறித்துக் கொடுத்திருப்பாள், வேறொன்றும் இல்லை என்றாள். மரவள்ளி இலை தின்ற ஆடு பிழைக்காது என்பது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் தெரியும். போகும்போது தாய் திரும்பி, உங்களிடம் வந்து இப்படிக் கேட்டதற்குக் குறை நினைக்க வேண்டாம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அந்த மன்னிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சிறுமி வந்தாள். குடைக்கம்பி இல்லை. முன்வரிசையில் இடமிருந்தும் கடைசியில் போய் இருந்தாள். அன்றைக்கு வேறு புத்தகம் எடுக்க அலுமாரியைத் திறந்தால் எட்டும் அதே இலை, அதே மரம். ஒன்றை எடுத்து விரித்தேன். நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. கை கழுவப் போகும்போது நனையாமலிருக்க அவள் பாவாடையைத் தூக்கிச் செருகினேன். இரண்டு கெண்டைக்காலிலும் தழும்பு. தடித்து, ஊதா நிறமாக, ஒன்றின் மேல் ஒன்று. பூவரசங்கம்பால் அடித்த அடி.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் அழவில்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் ஆட்டுக்கு மரவள்ளி இலை குடுத்திட்டன் ரீச்சர்."

எப்போது கொடுத்தாய் என்று கேட்டேன். யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள்.

"தெரியாது. அம்மா சொன்னவ."

நான் குழாயடியிலேயே நின்றேன். அடித்தவளில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அடியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். என் ஒரு வாக்கியம் வாசலடியிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போய், இந்தப் பிள்ளையின் காலில் விழுந்திருக்கிறது. இருபது வருடமாக நாலு வயதுப் பிள்ளைகள் நான் சொல்வதையெல்லாம் நம்புகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அன்றைக்கு அந்தப் பெருமையைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பள்ளி விட்டதும் பேணியைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தேன். வழியில் ஒரு வளவில் பலாவிலை கொட்டிக் கிடந்தது. அவள் ஒன்றையும் மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

தாய் குசினி வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஆடு கட்டிய கட்டை வெறுமையாக நின்றது. உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே பேணியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். இதுதான் பூசியது, தண்ணிச் சாயம் இல்லை என்றேன். நான்தான் பூசினேன், பிள்ளை கோத்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன், தடுக்கவில்லை, நீங்கள் வந்து கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவள் ஏசவில்லை. பேணியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். அந்த மணம் அவளுக்கு முன்பே பழக்கமாக இருந்திருக்க வேண்டும், ஆட்டின் வாயில் மணந்திருப்பாள். மூடியை மெல்ல வைத்தாள். முருங்கையிலை மடியிலிருந்து கீழே சரிந்தது.

"எனக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்லுங்கோ ரீச்சர்," என்றாள்.

நான் மண்ணில் குந்தி, பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்து சொன்னேன். "நீ மரவள்ளி இலை குடுக்கேல்லை. அந்தச் சிவப்பு இலையிலை நஞ்சு இருந்தது. அதை நான்தான் பூசினனான். உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். நம்பவில்லை. பெரியவர்கள் தன்னைச் சமாதானப்படுத்தக் கதைக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட முகம் அது. தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, அங்கே போய் இரண்டு கொப்பு முறித்ததாகச் சொன்னாள். முறித்த விதத்தையும் இரண்டு கையாலும் செய்து காட்டினாள். பால் வடிந்தது, அதைப் பாவாடையில் துடைத்ததாகவும் சொன்னாள். காலையில் தெரியாது என்றவளுக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது.

தாய் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இல்லையம்மா, நீ குடுக்கேல்லை, அம்மா தெரியாமல் அடிச்சிட்டன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தழும்பின் மேல் கை படாமல் காலைத் தடவினாள். பிள்ளை தாயின் கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டது.

"குடுத்தனான் அம்மா," என்றாள். "இனிமேல் குடுக்கமாட்டன்."